யார் கையில் பட்டியல்?

ஒரு பயிற்சியாளர் மீது புகார் வெளியே வந்ததும் டீக்கடையிலும் ஆசிரியர் அறையிலும் முதலில் எழும் கேள்வி, "இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கலை?" என்பதுதான். சந்தேகத்தோடு கேட்பவரும் பரிவோடு கேட்பவரும் பதிலை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள்: பெண் பிள்ளை, கூச்சம், வீட்டு மானம். இந்தப் பதில் போதாது என்பது என் கருத்து. இந்தியாவிலும் இலங்கையிலும் அமெரிக்காவிலும் அண்மை ஆண்டுகளில் வெளிவந்த வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அந்தப் பெண்கள் ஆயிரம் பேர் பார்க்கும் மைதானத்தில் மோதி ஜெயித்தவர்கள். கூச்சம் அவர்களை அவ்வளவு எளிதில் அடக்கிவிடாது. அடுத்த போட்டிக்கான பட்டியலில் தன் பெயர் இருக்குமா என்ற கணக்குதான் அவர்களைத் தடுத்தது. அந்தப் பட்டியலை எழுதுகிறவரும், அத்துமீறியதாகச் சொல்லப்படுகிறவரும், புகாரை வாங்கி விசாரிக்க வேண்டியவரும் பல வழக்குகளில் ஒரே ஆளாகவோ ஒரே அமைப்பின் ஆட்களாகவோ இருந்திருக்கிறார்கள்.

காரைக்குடியில் இதைப் பேசத் தனிக் காரணம் உண்டு. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி இங்கே இருக்கிறது. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் கழுத்தில் விசிலோடு நிற்கும் பி.டி. சார்களும் டீச்சர்களும் பலர் இங்கே படித்துப் போனவர்கள். இந்த ஊரை அதன் பெரிய வீடுகளை வைத்து எடைபோடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. விடியும் முன்பே கிரவுண்டுக்கு வந்து நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள் இல்லை. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு விளையாட்டு என்றால் சான்றிதழ், சான்றிதழ் என்றால் வேலை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். முதல்வர் கோப்பையில் மாநில அளவிலான தனிநபர் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய். மாவட்ட அணியில் கடைசி ஆளாக உள்ளே போவதா, ஓர் இடம் தவறி வெளியே நிற்பதா என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. அதைத் தீர்மானிப்பவரிடம் பதினைந்து வயதுப் பெண் எப்படி நடந்துகொள்வாள், அவளைப் பெற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று யோசித்த பிறகுதான் "ஏன் சொல்லலை" என்று கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டைக் குலுக்கிய வழக்கு 2021 மே மாதம் சென்னையில் வெளிவந்தது. பல ஓட்டக்காரர்களை உருவாக்கியவர் என்று பெயரெடுத்த தடகளப் பயிற்சியாளர் பி. நாகராஜன் மீது, அவரிடம் பயிற்சி பெற்ற 19 வயது வீராங்கனை பூக்கடை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். சிறார் பாதுகாப்புக்கான போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகி நாகராஜன் கைதானார். காயத்துக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லி, பயிற்சி முடிந்தபின் தனியே நிறுத்தி அத்துமீறினார் என்பது குற்றச்சாட்டின் சாரம். ஒருவர் பேசியதும் மற்றவர்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் முன்னாள் வீராங்கனைகளும் இருந்தார்கள். கூச்சம்தான் காரணம் என்றால் அது வயதோடு அப்படியே தொடர்ந்திருக்க வேண்டும். ஓட்டத்தை விட்டபின் அவர்களிடம் மாறியிருந்தது ஒன்றே ஒன்று: இனி எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வர வேண்டியதில்லை.

இந்த வழக்கு தடகளத்தில் நடந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கபடியிலோ ஹாக்கியிலோ அணியைத் தேர்ந்தெடுப்பது ஒருவரின் அபிப்பிராயம். அங்கே வேண்டியவர் வேண்டாதவர் என்று நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டத்தில் நேரம் பேசும், யாரும் யாரையும் தடுக்க முடியாது என்று நாம் நம்புகிறோம். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது துப்பாக்கி வெடித்த பிறகுதான். அதற்கு முன்னால் எந்த மீட்டுக்கு யார் பெயரை அனுப்புவது, கிளப்பின் நுழைவுப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது, ஸ்பைக்ஸ் யாருக்கு, ரயில் டிக்கெட் யாருக்கு, காயம்பட்டவளை எத்தனை நாள் உட்கார வைப்பது என்பதெல்லாம் ஒருவர் வாயிலிருந்து வரும் முடிவுகள். வேறு கிளப்புக்குப் போகலாம் என்றால் தடையில்லாச் சான்றிதழ் (என்.ஓ.சி.) வேண்டும், அதைக் கொடுக்க வேண்டியது அவள் விட்டுப்போகும் கிளப்பே. அளக்கக்கூடிய விளையாட்டிலேயே இவ்வளவு அதிகாரம் அளக்கப்படாமல் கிடக்கிறது என்றால், அளக்க முடியாத விளையாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையில் இது நேரடியாகவே பதிவாகியிருக்கிறது. அந்நாட்டு மகளிர் கிரிக்கெட் அணியில் இடம் பெறவும் தக்கவைக்கவும் சில வீராங்கனைகள் நிர்வாகிகளின் பாலியல் இச்சைக்கு இணங்க வற்புறுத்தப்பட்டார்கள் என்பதற்குச் சான்று இருப்பதாக, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி நிமல் திசாநாயக்க தலைமையிலான குழு 2015ல் விளையாட்டு அமைச்சகத்துக்கு அறிக்கை கொடுத்தது. அணியில் ஓர் இடம் பேரப் பொருளானது என்பதை நாடு ஒன்றின் அதிகாரபூர்வ விசாரணையே எழுதிவைத்தது. நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய விளையாட்டு அமைப்புகள் இருந்தும், இவ்வளவு வெளிப்படையாக ஒரு வரி எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி வெளிவந்தது. 2010 முதல் 2020 வரை இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களிலிருந்து குறைந்தது 45 பாலியல் துன்புறுத்தல் புகார்கள் வந்ததாகவும், அவற்றில் 29 பயிற்சியாளர்கள் மீதானவை என்றும் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் கிடைத்த விவரங்களை இந்தியன் எக்ஸ்பிரஸ் 2020ல் வெளியிட்டது. பல புகார்கள் இடமாற்றத்தோடும் சம்பளத்தில் சிறு வெட்டோடும் முடிந்திருந்தன. இடமாற்றம் என்றால் வேறொரு ஊரின் பிள்ளைகளிடம் அனுப்புவது என்று பொருள். அடுத்தது 2022 ஜூன். ஸ்லோவேனியாவில் பயிற்சிக்குப் போயிருந்த இந்திய சைக்கிள் அணியில் ஐந்து ஆண்கள், ஒரே ஒரு பெண். தலைமைப் பயிற்சியாளர் தன் அறையிலேயே தங்கச் சொன்னார், மறுத்தால் தேசிய பயிற்சி மையத்திலிருந்து நீக்கிவிடுவதாக மிரட்டினார் என்று அந்தப் பெண் மின்னஞ்சலில் புகார் அனுப்பினார். ஆணையம் அவரை உடனே வரவழைத்தது. உள்ளக விசாரணையில் முகாந்திரம் தெரிந்ததும் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. சில நாட்களில் எடுக்கப்பட்ட முடிவு. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு இது சான்று. மிரட்டலின் உள்ளடக்கத்தையும் கவனிக்க வேண்டும். அடிப்பேன் என்று அவர் சொன்னதாகப் புகாரில் இல்லை. இடத்தைப் பறிப்பேன் என்று சொன்னதாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் லாரி நாசர் வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது. அவர் பயிற்சியாளர் இல்லை, ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர். சென்னை வழக்கைப் போலவே அங்கும் மறைப்பு சிகிச்சையின் பெயரில் நடந்தது. 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசிய பின் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது மேகி நிக்கல்ஸ் என்ற வீராங்கனையைப் பற்றி. 2015 கோடையில் நாசர் பற்றிய புகார் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்துக்குப் போனது அவர் வழியாகத்தான். அதே ஆண்டு உலகப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் அவர் இருந்தார். 2016 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் மொத்தப் புள்ளிகளில் ஆறாவதாக வந்தார். ரியோவுக்குப் போன ஐவரில் அவர் இல்லை. மாற்று வீராங்கனைகளிலும் இல்லை. பழிவாங்கப்பட்டாரா? அந்த ஆண்டு அவருக்கு முழங்காலில் காயம். தேர்வுக் குழு அதைக் காரணமாகச் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். முடிவு மூடிய அறையில் எடுக்கப்பட்டதால் இரண்டில் எதையும் நிறுவ வழியில்லை. மூடிய தேர்வு புகார் கொடுத்தவரைப் பாதுகாப்பதில்லை. நேர்மையாகத் தேர்வு செய்தவர் யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் அவரையும் பாதுகாப்பதில்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவை இல்லாததுபோல் எழுதுவது நியாயமாகாது.

முதல் வாதம்: அணியில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் பொய்ப் புகார் கொடுக்கிறார்கள். இதற்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஜனவரி 18 அன்று டெல்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் உட்கார்ந்து தொடங்கிய மல்யுத்தப் போராட்டத்தைத் தொடர்ந்து, மல்யுத்த சம்மேளனத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது ஏப்ரல் இறுதியில் இரண்டு வழக்குகள் பதிவாயின. போக்சோ வழக்கில் புகார் கொடுத்த சிறுமியின் தந்தையே, தேர்வில் மகளுக்கு அநீதி நடந்த கோபத்தில் அப்படிக் கொடுத்ததாக ஜூனில் செய்தியாளர்களிடம் சொன்னார். அந்த வழக்கை முடித்துவைக்கும் காவல்துறை அறிக்கையை டெல்லி நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றது. மற்ற வீராங்கனைகளின் வழக்கில் 2024 மே மாதம் குற்றச்சாட்டுகள் வனையப்பட்டன; அவர் அவற்றை மறுக்கிறார்.

தந்தை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வோம். அப்போதும் அது எதைக் காட்டுகிறது? தேர்வில் அநீதி என்று நம்பிய ஒரு தகப்பன் முறையிட ஓர் இடம் இல்லை. புள்ளித் தாளைக் காட்டு, காணொளியைத் திரும்பப் போடு, வேறொரு நடுவரிடம் கேள் என்று கோர வழியிருந்திருந்தால் அந்தக் கோபம் அங்கேயே பேசித் தீர்ந்திருக்கும். வழியில்லாதபோது எல்லாக் குறைகளும் ஒரே கதவில் போய் முட்டுகின்றன. பொய்ப் புகாரைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுகிறவர், தேர்வைத் திறந்துவிடும்படி முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட சம்மேளன நிர்வாகி ஒருவரையும் நான் அறியேன்.

இரண்டாவது வாதம் கண்டிப்பைப் பற்றியது. கண்டிப்பு இல்லாமல் பதக்கம் வராது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் திட்டினாலே புகார் என்கிறார்கள் என்று பல ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களில் பலர் மதிப்புக்குரியவர்கள். சொந்தக் காசில் முட்டையும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுப்பவர்கள், பெற்றோர் அனுப்ப மறுத்த பெண்ணின் வீட்டுக்கு நாலு தடவை நடந்து பேசிக் கூட்டிவந்தவர்கள். அவர்களுக்கு என் பதில் இது. பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி ஆன் வைட் நடத்திய விசாரணைக்கு 400க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் வந்தன. 2022ல் வெளியான அந்த அறிக்கையில் பாலியல் புகார்களோடு, காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது, எடையைச் சொல்லி அவமானப்படுத்தியது, சாப்பாட்டைத் தடுத்தது என்றும் நிறைய இருந்தன. கண்டிப்பின் எல்லையை அந்த இடத்தில் நிறுத்தலாம்: நாளைக்கு ஐந்து சுற்று அதிகம் ஓடு என்பது பயிற்சி, வலிக்கிறது என்று சொன்னால் மீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்பது பயிற்சி இல்லை. கண்டிப்புக்குத் தேவை அறிவும் அனுபவமும். பட்டியல் எழுதும் அதிகாரம் அதற்குத் தேவையில்லை. மிகச் சிறந்த பயிற்சியாளர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு மிரட்டி நான் பார்த்ததும் இல்லை.

இந்தக் கண்டிப்பின் மறுபக்கம் இன்னும் கொடுமையானது. 2011ல் இந்திய மகளிர் தொடர் ஓட்ட அணியின் வீராங்கனைகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் யூரி ஓகோரோட்னிக் கொடுத்த ஜின்செங் மாத்திரையைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். பயிற்சியாளர் வேலையை இழந்தார். பெண்களுக்கு விதிக்கப்பட்ட தடை மேல்முறையீட்டில் இரண்டு ஆண்டுகளாக உயர்ந்தது. உன் உடம்புக்குள் போவதற்கு நீயே பொறுப்பு, சார் கொடுத்தார் என்பது சாக்கு ஆகாது என்கிறது ஊக்கமருந்து விதி. அந்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அதே பெண் மறுநாள் சார் கொடுப்பதை வாங்க மறுத்தால், சொல் பேச்சுக் கேட்காதவள் என்று முகாமிலிருந்து அனுப்பப்படுவாள். நம்பினாலும் தண்டனை, நம்ப மறுத்தாலும் தண்டனை என்ற இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அதை அப்படியே விட்டுவைத்திருப்பதற்கு மன்னிப்பில்லை.

மூன்றாவது, தீர்வாக முன்வைக்கப்படும் வாதம்: பெண் பயிற்சியாளரைக் கூட அனுப்பினால் போதும். சைக்கிள் விவகாரத்துக்குப் பிறகு, பெண்கள் இருக்கும் அணியோடு பெண் பயிற்சியாளர் கட்டாயம் போக வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் சம்மேளனங்களுக்கு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, வரவேற்கிறேன். ஆனால் உடன் போகும் அந்தப் பெண்ணின் வேலையும் அடுத்த பயணமும் அதே தலைமைப் பயிற்சியாளரின் தயவில் இருந்தால், பட்டியலுக்குப் பயப்படுகிறவர் இன்னொருவர் கூடுகிறார், அவ்வளவுதான். மல்யுத்த சம்மேளனத்தின் புகார்க் குழுவைப் பாருங்கள். தலைவர், சம்மேளனத்தின் பொதுச்செயலாளராக இருந்த ஓர் ஆண். ஐந்து பேரில் ஒரே பெண் சாக்‌ஷி மாலிக். புகார் சொல்லித் தெருவுக்கு வர வேண்டியிருந்தவரையே புகாரை விசாரிக்கும் குழுவில் உட்கார வைத்திருந்தார்கள். மேரி கோம் தலைமையில் அரசு அமைத்த குழுவும் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழு அங்கே இல்லை என்றே சொன்னது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம், விளையாட்டு நிறுவனம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாவற்றையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும் என்கிறது. குறை அதன் கால எல்லையில் இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்; காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம். ஒரு விளையாட்டுப் பருவம் ஓர் ஆண்டு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறிக்கொண்டிருக்கும் பெண், ஏறும்போதே புகார் கொடுத்தாக வேண்டும் என்கிறது சட்டம். பருவம் முடியட்டும் என்று காத்தால் காலம் கடந்துவிடுகிறது. சென்னையில் முன்னாள் வீராங்கனைகளால் காவல் நிலையத்தின் வழியாகப் பேச முடிந்தது. இந்தச் சட்டத்தின் கதவு அவர்களுக்கு எப்போதோ மூடியிருந்தது. பையன்களுக்கு இந்தச் சட்டம் திறக்கவே இல்லை. போக்சோ பதினெட்டு வயதுக்கு உட்பட்ட இருபாலருக்கும் பொருந்தும், நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவர் செய்தால் தண்டனையும் கூடும். அந்தப் பதினெட்டைத் தாண்டிய மறுநாளும் அவள் அதே சாரின் பட்டியலில்தான் இருக்கிறாள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், பாதுகாப்பான விளையாட்டுக்கான கொள்கையையும் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்தையும் கொண்டுவருகிறது. தேர்வுத் தகராறுகள் தீர்ப்பாயத்துக்குப் போக வழி திறக்கிறது. உச்சியில் இருப்பவர்களுக்கு இது உதவும். மாவட்ட அணியில் விடுபட்ட பெண் டெல்லித் தீர்ப்பாயத்துக்குப் போகப்போவதில்லை.

எல்லாவற்றையும் எடைபோட்டு நான் வரும் முடிவு கடுமையானது, தயங்காமல் சொல்கிறேன். பயிற்சியாளர்களின் ஒழுக்கத்தை நம்பியோ சந்தேகித்தோ இந்தப் பிரச்சினை தீராது. பயிற்சி தருபவர் தேர்வு செய்யக் கூடாது, தேர்வு செய்யும் அமைப்பு புகாரை விசாரிக்கக் கூடாது. இந்த இரண்டு பிரிவினைகளும் இல்லாத அகாடமியோ சங்கமோ, அங்கே இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை என்று பெருமை பேசினாலும், அந்தப் பெருமையை நான் சான்றாக ஏற்க மாட்டேன். புகார் வராததற்குக் காரணம் நல்ல பயிற்சியாளராகவும் இருக்கலாம், பட்டியலாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எதை முதலில் செய்வது என்றால், தேர்வைத் திறப்பதைத்தான் சொல்வேன். அதற்குச் செலவு குறைவு, நல்ல பயிற்சியாளருக்கு அதனால் இழப்பு இல்லை. அளவுகோலைத் தேர்வுக்கு முன்பே எழுதி ஒட்டுவது, நேரத்தையும் புள்ளியையும் அன்று மாலையே அதே சுவரில் ஒட்டுவது, தகுதி நேரம் ஓடியவள் பயிற்சியாளரின் கையெழுத்து இல்லாமலே நுழைவுப் படிவம் தர வழி வைப்பது, என்.ஓ.சி. கேட்டு குறிப்பிட்ட நாட்களில் பதில் வராவிட்டால் கொடுத்ததாகவே கொள்வது. புகார் நிலுவையில் இருக்கும் பெண்ணின் தேர்வை வேறு மாவட்டக் குழு நடத்துவது. இவற்றில் ஒன்றுக்கும் டெல்லி வேண்டாம்.

சிவகங்கை மாவட்டத்தில் தனியார் பயிற்சியாளர் மீது ஒரு பெண் புகார் சொல்ல வேண்டுமானால், 2013 சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். குழந்தை என்றால் 1098, இல்லையென்றால் மகளிர் காவல் நிலையம். இந்த விவரம் பயிற்சி நடக்கும் இடங்களின் பலகைகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பட்டியலை எழுதப்போகும் தலைமுறை காரைக்குடி உடற்கல்வியியல் கல்லூரியில்தான் தயாராகிறது என்பதால், தசைப் பிடிப்பை எப்படி நீவுவது என்று கற்றுத் தரும் அதே வகுப்பில், யார் முன்னிலையில் நீவுவது, யாரைக் கேட்டு நீவுவது என்பதும் பாடமாக வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் மைதானத்தை ஓர் அகாடமிக்கோ சங்கத்துக்கோ பயிற்சி செய்யத் தரும்போது, தேர்வு அளவுகோலையும் புகார்க் குழுவின் வெளி உறுப்பினர் பெயரையும் வாயிலில் ஒட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அடுத்த மாவட்டத் தேர்வு தொடங்கும் முன்பே அதைப் போட முடியும்.